வெந்நீர்த் தொட்டிக்கு ஒரு நாலுகால் மண்டபம்: எங்கே, எந்தக் கூரை, எந்தக் கால்?

பெங்களூர் கனகபுரா ரோடு பக்கம் அக்கா வீட்டின் பின்புறத்தில் எட்டு மாதமாக ஒரு ஹாட் டப் நீலத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மாமாவுக்கு முழங்கால் வலி, அக்காவுக்கு இடுப்பு. சாயங்காலம் கொஞ்ச நேரம் வெந்நீரில் உட்கார்ந்தால் இதமாக இருக்கும் என்று மகன் வாங்கிக் கொடுத்தது. இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர், அக்ரிலிக் தொட்டி, 1,200 லிட்டர் பிடிக்கும். அக்கா இன்றுவரை அதை ‘அண்டா’ என்றுதான் சொல்கிறாள்.

வந்து இறங்கியது ஜூனில். திறந்தவெளியில் வைத்து முதல்முறை சூடாக்கிய அன்றே மழை பிடித்துக்கொண்டது. மாமா தொட்டிக்குள் குடை பிடித்து உட்கார்ந்திருந்ததை அக்கா படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டாள். மேலே ஒரு கெஸிபோ, அதாவது நாலு கால் நட்டுக் கூரை போட்ட மண்டபம், போட்டே ஆகவேண்டும் என்பது அன்றே முடிவாகிவிட்டது. என்ன கெஸிபோ என்பதில்தான் எட்டு மாதம் ஓடியது. அக்காவுக்கு மொட்டை மாடி. மாமாவுக்குத் தேக்கு. மகன் வீடியோ காலில் காட்டியது பட்டனை அழுத்தினால் திறந்து மூடும் அலுமினியக் கூரை. மேஸ்திரி, “ஷீட் போட்டுடலாம் சார், ரெண்டே நாள் வேலை” என்றார்.

நான் ஹார்டுவேர் வியாபாரத்தில் இருப்பவன். “நீயே பார்த்து ஒண்ணு சொல்லுடா” என்று மாமா என் தலையில் கட்டிவிட்டார். பார்த்ததை எழுதி வைக்கிறேன். பெங்களூரில் இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் மேலிருந்து வரும் மழையைப் பற்றியே பேசினார்கள். ஹாட் டப்புக்கு மேல் நிற்கும் மண்டபத்தைக் கெடுப்பது கீழிருந்து எழும் ஆவி. குளோரினோ புரோமினோ கலந்த, 38 டிகிரித் தண்ணீரிலிருந்து கிளம்பும் ஆவி. கோயில் குளத்து நீராழி மண்டபம் நூற்றாண்டுக்கணக்கில் நிற்கிறது என்றால் அது கருங்கல், அடியில் இருப்பதும் பச்சைத் தண்ணீர். கார் நிறுத்தப் போடுகிற ஷெட்டை இங்கே கொண்டுவந்து போட்டால் அதே மாதிரி நிற்காது.

மாடியா, தரையா

அக்கா மாடியைச் சொன்னதில் நியாயம் இருக்கிறது. காற்று வரும், வானம் தெரியும். பின்பக்கத்து நாலு மாடி பி.ஜி. (பேயிங் கெஸ்ட் விடுதி) கட்டடத்துப் பையன்கள் பால்கனியில் நின்று பல் துலக்கும்போது கண் நேராக நம் பின்கட்டில்தான் விழும்; மாடி என்றால் அவர்கள் உயரத்துக்கு நாமும் போய்விடலாம் என்பது அவள் கணக்கு.

ஆனால் எடை என்று ஒன்று இருக்கிறது. தொட்டி சுமார் 300 கிலோ. தண்ணீர் 1,200 கிலோ. நாலு பேர் உட்கார்ந்தால் இன்னொரு 280. மொத்தம் 1,780 கிலோ, நாலு சதுர மீட்டர் பரப்பில். ஒரு சதுர மீட்டருக்கு 445 கிலோ. ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 875 எடுத்துக்கொள்ளச் சொல்லும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. மூன்று மடங்கு வித்தியாசம். அந்தச் சுமை எந்த நேரமும் அங்கேயே கிடக்கும். கல்யாணக் கூட்டம் மாதிரி வந்து கலைந்து போகாது.

காற்றடித்து வைக்கும் தொட்டி லேசாச்சே என்று கேட்பார்கள். பிளாஸ்டிக் லேசுதான், தண்ணீருக்கு அது தெரியாது. 1.8 மீட்டர் விட்டத்தில் 800 லிட்டர் ஊற்றினாலே, ஆள் இறங்கும் முன்பே சதுர மீட்டருக்கு 300 கிலோவைத் தாண்டிவிடும்.

மாடியில் வைக்கவே முடியாது என்று சொல்லவில்லை. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பழைய வரைபடத்தைப் பார்த்து, தூண்களுக்கு மேல் புது பீம் போட்டு, சுமை ஸ்லாபில் இறங்காமல் தூணுக்குப் போகும்படி செய்து கொடுத்தால் வைக்கலாம். வரைபடம் கையில் இல்லாத வீடு என்றால் நான் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்.

மாடிக்கு இன்னொரு தொல்லை, கெஸிபோவின் கால்கள். என் வீட்டு மாடியில் துணி காயப்போட ஒரு சின்ன ஷெட் போட்டேன். வந்த ஃபேப்ரிகேட்டர் ஒரு காலுக்கு நாலு ஆங்கர் போல்ட் வீதம் பதினாறு ஓட்டை போட்டு, ஒரே நாளில் முடித்துக் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பதினாறு ஓட்டையும் வாட்டர்ப்ரூஃபிங்கைத் துளைத்து இறங்கியிருந்தன. அடுத்த செப்டம்பரில் படுக்கையறைக் கூரையில் டீக்கறை மாதிரி ஒரு வட்டம். அதற்கு மருந்து பூசிய செலவு ஷெட் செலவைத் தாண்டிவிட்டது. மாடியில் கால் ஊன்ற வேண்டும் என்றால் ஸ்லாபைத் தொடாமல் பாராபெட்டுக்கு உள்பக்கம் கான்கிரீட் பீடம் கட்டி அதில்தான் ஊன்ற வேண்டும். அதுவும் தூணோ பீமோ வரும் இடத்துக்கு மேல்.

காற்றையும் மறக்கக் கூடாது. பெங்களூருக்கு வடிவமைப்புக் காற்று வேகம் நொடிக்கு 33 மீட்டர் என்று குறியீடு சொல்கிறது. மும்பைக்கு 44, டெல்லிக்கு 47. நாம் கொடுத்துவைத்தவர்கள்தான். ஆனாலும் 33 மீட்டர் வேகத்துக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 65 கிலோ அழுத்தம் கணக்கு வருகிறது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடிக் கூரைக்கு அது 870 கிலோ. நாலு பக்கமும் திறந்த மண்டபத்தில் காற்று அடியில் புகுந்து கூரையை மேலே தூக்கப் பார்க்கும். ஏப்ரல், மே மாதத்துச் சாயங்கால இடிமழையில் ஷீட்டுகள் பறந்துபோய்ப் பக்கத்துத் தெருவில் விழுவது இதனால்தான். ஆகவே கால் என்பது கூரையைத் தாங்குவதற்கு மட்டும் இல்லை, கீழே பிடித்து இழுத்து வைக்கவும்தான். தரையில் என்றால் இது சுலபம்: இரண்டு அடிக்கு இரண்டு அடி, இரண்டரை அடி ஆழத்தில் கான்கிரீட் குழி ஒன்று போட்டால் அதுவே 680 கிலோ. நாலு குழிக்கு இரண்டரை டன்னுக்கு மேல். மாடியில் இந்த எடையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

தரை என்று அக்காவைச் சம்மதிக்க வைத்தது எடைக் கணக்கு இல்லை. “தொட்டி மாடியில இருந்தா சாயங்காலம் ஈரத் தலையோட படி இறங்கணும், மாமா முழங்காலோட” என்றதும் சரி என்றுவிட்டாள்.

தரையிலும் பார்க்க வேண்டியது உண்டு. ஏரியைத் தூர்த்து லே அவுட் போட்ட இடமா, நிரப்பிய மண்ணா என்று குழி தோண்டும்போதே தெரிந்துவிடும். இறுகிய செம்மண் வரும்வரை தோண்ட வேண்டும். தொட்டிக்கு அடியில் ஆறு அங்குலக் கம்பி கட்டிய கான்கிரீட், மட்டம் பிசகாமல். தண்ணீர் வெளியே ஓடுவதற்கான சரிவைத் தொட்டியைச் சுற்றியுள்ள தளத்தில்தான் கொடுக்க வேண்டும், தொட்டிக்கு அடியில் கூடாது. சுற்றுச்சுவர் ஓரம் செட்பேக் என்று கட்டடம் கட்டாமல் விட்ட இடத்தில் கூரை போட்டு மாநகராட்சி நோட்டீஸ் வாங்கிக்கொள்ள வேண்டாம். தென்னை மரத்துக்கு அடியிலும் வேண்டாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

கூரை: இங்கேதான் விஷயம்

டிசம்பர், ஜனவரி ராத்திரி பெங்களூரில் 15 டிகிரிக்கு இறங்கும். அப்போதுதான் வெந்நீர்த் தொட்டிக்கு அர்த்தமே இருக்கிறது. ஏப்ரல் மத்தியானம் யார் இறங்கப் போகிறார்கள்? அந்தக் குளிரில் ஒற்றை மெட்டல் ஷீட் வானத்தைப் பார்த்து வெப்பத்தை இழந்து, காற்றைவிடவும் சில்லிட்டுப் போயிருக்கும். கீழிருந்து எழும் ஆவி அதில் பட்டதும் குளிர்ந்து முத்து முத்தாகத் திரளும். அப்புறம் சொட்டும். நண்பர் ஒருவரின் சர்ஜாபூர் ரோடு வீட்டில் இப்படிப்பட்ட ஷீட் கூரைக்கு அடியில் ஒரு ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். உடம்பெல்லாம் வெதுவெதுப்பு. உச்சந்தலையில் மட்டும் அரை நிமிஷத்துக்கு ஒருமுறை ‘டப்’பென்று ஒரு ஐஸ் சொட்டு. நமக்கே இப்படி என்றால் மாமாவுக்குத் தலையில் முடியும் இல்லை. சொட்டும் தண்ணீர் ஷீட்டின் அடிப்பக்கத்து அழுக்கையும் சேர்த்துத் தொட்டிக்குள் கொண்டுவரும், அது தனிக் கணக்கு.

மேஸ்திரி சொன்ன ஷீட் அத்தோடு முடிந்தது. பாலிகார்பனேட் என்கிற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஷீட்டுக்கும் இதே சொட்டு உண்டு, இரட்டைச் சுவர் ஷீட் என்றால் கொஞ்சம் குறையும். வெளிச்சம் வரும், எடை இல்லை, விலையும் பரவாயில்லை. ஆனால் சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு வழக்கமாக ஒரு பக்கத்துக்குத்தான் இருக்கும். அந்தப் பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். அவசரத்தில் தலைகீழாக மாட்டிவிட்டு, சில வருஷத்திலேயே மஞ்சளாகிவிட்டது என்று என் கடைக்கு வந்து சண்டை போட்டவர்கள் உண்டு. ஷீட்டின் ஓரக் குழல்களை டேப் போட்டு அடைக்காவிட்டால் உள்ளே ஆவி புகுந்து பாசி பிடிக்கும். ஹாட் டப்புக்கு மேல் என்றால் சீக்கிரமே பிடிக்கும். மழை பெய்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பேசுவதும் காதில் விழாது.

பஃப் ஷீட் எனப்படும், நடுவில் நுரை அடைத்த பேனல் சொட்டாது. அடிப்பக்கம் குளிராது, வெயிலில் சுடாது, மழைச் சத்தமும் குறைவு. உபயோகத்தை மட்டும் பார்த்தால் இதற்குத்தான் முதல் மதிப்பெண் போட வேண்டும். வெட்டிய ஓரங்களை மூடி சீல் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் துரு அங்கே ஆரம்பிக்கும். என் ஒரே குறை, பார்க்க பீண்யா தொழிற்பேட்டை ஷெட் மாதிரி இருக்கும். கீழே மரப்பட்டி அடித்து மறைக்கலாம், அதற்குள் செலவு ஓட்டுக் கூரையை எட்டிவிடும்.

மகன் சொன்ன அலுமினிய லூவர் கூரை நல்ல சாமான். தேவைப்பட்டால் வானம், மழை வந்தால் கூரை. தண்ணீர் தூணுக்குள்ளேயே இறங்கிப் போகும். துரு பிடிக்காது, பவுடர் கோட்டிங் நன்றாக இருந்தால் வருஷக்கணக்கில் நிற்கும். ஆனால் மோட்டார் இருக்கிறது, சென்சார் இருக்கிறது. தூணுக்குள் இறங்கும் குழாயில் புங்க இலை அடைத்துக்கொண்டால் தண்ணீர் உட்கார்ந்திருப்பவர் மடியில் விழும். எனக்குக் கிடைத்த கொட்டேஷன்களில் எல்லாவற்றையும்விட இதுதான் கூடுதல். வீட்டுக்கு ஒரு மின்தூக்கியைப் பராமரிக்கும் பொறுமை இருப்பவர்கள் வாங்கலாம்.

கீற்றுக் கொட்டகை ரிசார்ட்டில் அழகு. அடியில் தினமும் ஆவி என்றால் பூஞ்சை, எலி, வருஷம் தவறாமல் புதுக்கீற்று. பக்கத்தில் கார்த்திகை விளக்கு வைக்கவும் பயம். அதை விட்டுவிடலாம்.

கடைசியில் மங்களூர் ஓடு. 1865-ல் மங்களூர் ஜெப்புவில் பாசல் மிஷன்காரர்கள் தொழிற்சாலை வைத்துச் சுட ஆரம்பித்தது இந்த ஓடு. இதன் குறை என்று சொல்லப்படும் இரண்டும் ஹாட் டப்புக்கு நிறையாகிவிடுகின்றன. ஒன்று, ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையில் இடுக்கு இருக்கும். ஆவி அதன் வழியே ஏறிப் போய்விடும். அடியில் பலகை அடித்து அதை மூடாமல் இருந்தால் போதும். சுட்ட மண் கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சவும் செய்யும், ஆகவே சொட்டு அபூர்வம். இரண்டு, எடை. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடிக் கூரை, 30 டிகிரிச் சரிவு என்றால் மேற்பரப்பு சுமார் 166 சதுர அடி. நூறு சதுர அடிக்கு 150 ஓடு என்று வைத்தால் 250 ஓடு, ஒன்று இரண்டரைக் கிலோ வீதம் 600 கிலோவுக்கு மேல். மேலே சொன்ன காற்று தூக்கப் பார்க்கிறதே, அதற்கு இந்த எடையே பாதி பதில். ஓரத்து ஓடுகளை மட்டும் கம்பியால் சட்டத்தோடு கட்டிவிட வேண்டும்.

ஓட்டுக்குத் தொல்லை இல்லாமல் இல்லை. சரிவு வேண்டும் என்பதால் முகடு ஓரத்தைவிட மூன்றரை அடி உயரும், சுற்றுச்சுவருக்கு மேல் துருத்திக்கொண்டு நிற்கும். நிழலில் பாசி படரும். கனகபுரா ரோடு பக்கம் குரங்குக் கூட்டம் வரும். அவை தென்னையிலிருந்து குதித்தால் நாலு ஓடு உடைவது நிச்சயம். ஒரு கட்டு ஓடு கூடுதலாக வாங்கி வைப்பதைத் தவிர இதற்கு வைத்தியம் கிடையாது.

தண்ணீர் விஷயமும் கூரையோடு சேர்ந்ததுதான். பெங்களூருக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய 970 மில்லிமீட்டர் மழை. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடிப் பரப்பில் அது 13,000 லிட்டர். சிந்திச் சிதறிப் பத்தாயிரம் கிடைத்தாலும் தொட்டியை எட்டு முறை நிரப்பலாம். போர்வெல் தண்ணீர் ஊற்றினால் ஹீட்டரில் சுண்ணாம்பு உப்பு படியும். மழைத் தண்ணீரில் அந்தத் தொல்லை இல்லை, வடிகட்டி மருந்து போட்டுக்கொண்டால் போதும். 2024 மார்ச்சில் குடிநீரைக் கார் கழுவவும் தோட்டத்துக்கு ஊற்றவும் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது ஞாபகம் இருக்கும். டேங்கர்காரருக்குப் போன் போட்டுக் காத்திருந்த அந்த நாட்களில் ஹாட் டப் என்ற வார்த்தையை அக்கம்பக்கத்தில் சத்தமாகச் சொல்லவே கூச்சமாக இருந்திருக்கும். எந்தக் கூரையாக இருந்தாலும் சுற்றி மழைநீர் ஓடும் வாய்க்கால் (கட்டர்) ஒன்று வைத்து, சம்ப் எனும் நிலத்தடித் தொட்டிக்கு இழுத்துவிடுங்கள். ஓரத்தில் சொட்டும் தண்ணீர் தொட்டியின் மோட்டார்ப் பக்கம் தெறிக்காமல் இருப்பதற்கும் அதுதான் வழி.

மரக்காலா, இரும்புக்காலா

மாமா தேக்கிலேயே நின்றார். மைசூர் ரோடு டிம்பர் யார்டுக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். வைரம் பாய்ந்த தேக்குக்கு ஈடு இல்லை. எண்ணெய்ச் சத்து உண்டு, கரையான் எளிதில் அண்டாது, ஈரத்தில் முறுக்காது. ஆனால் இன்று ஆறு அங்குலக் கனத்தில் பத்தடி நீளத்துக்கு முழு வைரம் உள்ள கட்டை கிடைப்பதும் அதற்குக் காசு கொடுப்பதும் சாதாரணமில்லை. காட்டிய கட்டைகளில் பாதிக்கு ஓரத்தில் வெளிர்நிறப் பட்டை தெரிந்தது. அது வைரம் பாயாத வெளிமரம், பெயருக்குத்தான் தேக்கு. கரையானுக்கு அது அவல். கடைக்காரர், “பாலிஷ் போட்டா தெரியாது சார்” என்றார். தெரியாது என்பதுதானே பயம்.

வேங்கை, மத்தி இரண்டும் தேக்கைவிட மலிவு, கனமும் உறுதியும் உண்டு. மத்தி வெயிலில் வெடிக்கும், அதனால் காலுக்கு வேண்டாம், கூரைச் சட்டத்துக்கு ஆகும். சில்வர் ஓக் மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள், வெளியில் ஈரத்தில் நிற்காது. மூங்கிலுக்கு போரிக், போராக்ஸ் மருந்து ஏற்றிக் கொடுப்பார்கள். அந்த மருந்து தண்ணீரில் கரைந்து வெளியேறும் ஜாதி, ஆவியும் மழையும் படும் இடத்தில் பூச்சி திரும்ப வந்துவிடும். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யு.பி.சி. பலகை தரைக்கும் தட்டிக்கும் சரி, பாரம் தாங்கும் காலாக ஒருபோதும் கூடாது.

எந்த மரமானாலும் கால் மண்ணைத் தொடக் கூடாது. கான்கிரீட் பீடத்துக்கு மேல் ஓரங்குலம் தூக்கி, இரும்புச் செருப்புப் போட்டு நிறுத்த வேண்டும். மரம் சாவது எப்போதும் பாதத்திலிருந்துதான்.

இரும்பு என்றால் வழக்கமாக நடப்பது இது: கறுப்பு பாக்ஸ் பைப், ரெட் ஆக்சைடு ஒரு கோட்டு, மேலே எனாமல். கார் ஷெட்டுக்கு ஓடும். ஹாட் டப் பக்கத்தில் வெளியே பளபளவென்று இருக்கும்போதே பைப்புக்கு உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப் வாங்கி வெல்டிங் வைத்தால் வெல்டு வைத்த இடத்தில் துத்தநாகம் எரிந்துபோகும். துரு சரியாக அந்த மூட்டில் பிறக்கும். முறையான வழி, வெட்டி வெல்டு செய்து ஓட்டை எல்லாம் போட்டு முடித்துவிட்டு, முழுச் சட்டத்தையும் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கும் ஹாட் டிப் கால்வனைசிங்குக்கு அனுப்புவது. அப்போது பைப்பின் உள்பக்கமும் முங்கிப் பூசப்பட்டு வரும். ஒன்று மட்டும் கவனம். மூடிய பைப்பில் காற்று வெளியேற ஓட்டை விட்டிருக்க வேண்டும். விடாத பைப்பை உருகிய துத்தநாகத்தில் முக்கினால் வெடிக்கும். நல்ல ஃபேப்ரிகேட்டரா என்று தெரிந்துகொள்ள நான் கேட்பது இந்த ஒரு கேள்விதான்: “வென்ட் ஓட்டை எங்கே வைப்பீங்க?” மூன்று பேரில் ஒருவர்தான் சட்டென்று பதில் சொன்னார். வேலையை அவருக்கே கொடுத்தோம்.

எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போட்டால் துருவே இல்லையே என்று மாமா கேட்டார். 304 ரகத்தில் குளோரின் ஆவி பட்டால் டீ சிந்தின மாதிரி பழுப்புக் கறை வரும். 316 கொஞ்சம் தாங்கும், விலையும் ஏறும். அதைவிட யோசிக்க வைப்பது, 1985-ல் சுவிட்சர்லாந்தின் ஊஸ்டரில் உள்ளரங்க நீச்சல் குளம் ஒன்றின் கான்கிரீட் கூரை விழுந்து 12 பேர் இறந்தது. அதைத் தொங்கவிட்டிருந்த ஸ்டெயின்லெஸ் கம்பிகள் குளோரைடு அரிப்பில் விரிசல் கண்டிருந்தன. அது நாலு புறமும் மூடிய கூடம். நம் மண்டபம் திறந்தது, பயப்பட வேண்டியதில்லை. ஆனால் நாலு பக்கமும் கண்ணாடி வைத்து அடைக்கலாம் என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பி.ஜி. பையன்களை மறைக்க கண்ணாடி வேண்டாம், இந்த ஊரிலேயே அதற்குப் பழைய வழி இருக்கிறது. கன்டோன்மென்ட் பங்களாக்களின் ஜன்னலுக்கும் வாசலுக்கும் மேல் ‘மங்கி டாப்’ என்று குறுக்குப்பட்டி அடித்த மரத்தட்டி பார்த்திருப்பீர்கள். காற்று போகும், பார்வை போகாது. பி.ஜி. பக்கமும் சாரல் அடிக்கும் மேற்குப் பக்கமும் அப்படி ஒரு தட்டி, மற்ற இரண்டு பக்கமும் திறந்தபடி. இதில் மாமாவின் தேக்கு ஆசையும் தீர்ந்தது. தட்டிக்கு மெல்லிய பட்டி போதும், அந்த அளவில் வைரக் கட்டை வாங்க முடிந்தது.

அளவுகளில் பிசகும் இடங்கள் மூன்று. தொட்டியின் மூடியை மடக்கித் திறக்கும் கை ஒரு பக்கம் இரண்டு, இரண்டரை அடி வாங்கும். மோட்டார் பழுது பார்க்க இரண்டு அடி வேண்டும். தொட்டிக்குள் இருக்கையில் ஏறி நிற்பவர் தலை இடிக்காமல் இருக்க ஓரத்திலேயே எட்டு அடி உயரம் வேண்டும். அதனால்தான் ஆறரை அடித் தொட்டிக்குப் பன்னிரண்டு அடிக் கூரை. தொட்டியை முதலில் அதன் இடத்தில் வைத்துவிட்டுத்தான் கால் நட வேண்டும். பின்னாளில் தொட்டி பழுதானால் பக்கவாட்டில் நிமிர்த்தி வெளியே எடுப்பதற்கு ஒரு பக்கத் தட்டி கழற்றும்படி போல்ட்டில் இருக்கட்டும்.

கரண்டில் பேரம் பேசாதீர்கள். தனி லைன், கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., நல்ல எர்த்திங், இரும்புக் கால்களையும் எர்த்தோடு சேர்ப்பது. சுவிட்ச் எதுவும் தொட்டியிலிருந்து கை எட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது. விளக்கு 12 வோல்ட். ஃபேன் வேண்டும் என்று மகன் கேட்டான், வேண்டாம் என்றுவிட்டேன். 1,200 லிட்டரை 22 டிகிரியிலிருந்து 38-க்குக் கொண்டுபோக 22 யூனிட் செலவாகும், 3 கிலோவாட் ஹீட்டருக்கு ஏழரை மணி நேரம். ஆகவே கூரை எவ்வளவு நன்றாக அமைந்தாலும் தொட்டியின் மூடியை விட்டுவிடாதீர்கள். மின் கட்டணத்தைக் குறைப்பது கூரை இல்லை, அந்த மூடிதான்.

ஆக, அக்கா வீட்டுக்கு முடிவானது இது: பின்கட்டு வடமேற்கு மூலை, தரையில், ஹாட் டிப் செய்த நாலு அங்குலப் பாக்ஸ் பைப் கால்கள், மேலே மத்திச் சட்டம், மங்களூர் ஓடு, இரண்டு பக்கம் தேக்குத் தட்டி. முழுத் தேக்குக்குச் சொன்ன விலையில் பாதிக்கும் கீழே வந்தது. சின்ன இடம், குறைந்த பட்ஜெட், சரிவுக்கு உயரம் இல்லை என்றால் ஓட்டுக்குப் பதில் பஃப் ஷீட் போடுங்கள், வருத்தப்பட மாட்டீர்கள். ஒற்றை ஷீட்டை மட்டும் போடாதீர்கள்.

ஏப்ரல் இடிமழைக்கு முன் முடிக்க வேண்டும் என்று பிப்ரவரி கடைசியில் குழி தோண்டியாகிவிட்டது. நாலு அடியில் நல்ல செம்மண். சட்டம் கால்வனைசிங்குக்குப் போயிருக்கிறது. தொட்டியை அதன் இடத்துக்கு நகர்த்தி, மூடிக்கு மேல் பிளைவுட் போட்டு வைத்திருக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை போனபோது அந்தப் பிளைவுட் மேல் வெள்ளைத் துணி விரித்து அக்கா வத்தல் பிழிந்து காயவைத்திருந்தாள். “கூரை வந்துட்டா இங்க வெயில் விழாதே, அப்புறம் வத்தலை எங்கடா காயவைக்கிறது?” என்றாள். மொட்டை மாடிதான் காலியாக இருக்கிறதே என்றேன். முழங்காலைத் தடவிக்கொண்டு மாமா என்னைப் பார்த்தார்.